சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி

ஆஸ்பத்திரியில் என்ன வேலை சொன்னாலும் செய்வேன், வெள்ளெலிக்குத் தீனி மட்டும் போடமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன். சீழ்த் துணி துவைப்பேன், மலச்சட்டி கழுவுவேன், செத்துப்போனவளைக் குளிப்பாட்டிக் கிடத்துவேன். அந்தச் சிவப்புக்கண் எலிகள் கூண்டுக்குள்ளிருந்து மூக்கை நீட்டி என்னை மோந்து பார்த்தால் மட்டும் உடம்பெல்லாம் கூசும். இதை வைத்தே சின்ன டிரெஸ்ஸர் என்னைச் சீண்டிக்கொண்டிருப்பார்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம் அது. பெக்கோக் பக்கத்தில் நாலைந்து ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி. தகரக் கூரை, பலகைச் சுவர், ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. நான் பெண்கள் வார்டில் ஆயா. பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை. காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் எல்லாம் டிரெஸ்ஸர்கள் பாடு. காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து ஊசி குத்துவது வரை அவர்கள்தான்.

சின்ன டிரெஸ்ஸர் பினாங்கில் பிறந்தவர். சிங்கப்பூரில் சோதனைக்கூட வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தார், அதனால் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். மருந்து அறைக்குப் பின்னால் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, மைக்ராஸ்கோப்பும் கண்ணாடிக் குழாய்களும் எலிக் கூண்டுமாக உட்கார்ந்திருப்பார். அந்த நாளில் எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. பின்னால் அவரையே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினேன் என்பது வேறு கதை. இந்தக் கிருமி சமாசாரமெல்லாம் எனக்குத் தெரிந்ததும் அதனால்தான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகூட அவருக்குப் பேசுவதற்கு வேறு விஷயம் கிடையாது.

வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நிமோனியா வரும். நேற்று வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் இன்று குளிரில் வெடவெடவென்று நடுங்கி விழுவாள். விலாவில் கத்தி செருகினாற்போல வலி, காய்ச்சல், துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் சளி. ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் தானாக இறங்கினால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் கஞ்சி கொடுப்போம், பிராந்தி கொடுப்போம், கற்பூர ஊசி போடுவோம், பக்கத்தில் நிற்போம். நிற்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி வந்தது. மரத்தூளில் ஐஸ் கட்டி வைத்து, நடுவில் மருந்துப் புட்டிகள். நிமோனியாவுக்கான சீரம் என்றார்கள். குதிரைக்குக் கிருமியை ஊசி போட்டு, அதன் ரத்தம் அந்தக் கிருமியை எதிர்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, அந்த ரத்தத்திலிருந்து எடுத்த தெளிவான நீர். சின்ன டிரெஸ்ஸருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் விளக்கம் சொன்னார்.

“அந்தக் கிருமி சட்டை போட்டிருக்கு, தெரியுமா? சர்க்கரைச் சட்டை!”

“சட்டை போடாத ஆளையே லயத்துல நூறு பேரு பாக்குறேன், உங்க கிருமி மட்டும் சட்டை போடுதா?” என்றேன்.

சிரித்துவிட்டு, மேலும் சொன்னார். சர்க்கரை என்றால் தேத்தண்ணீரில் போடுகிற சர்க்கரை இல்லையாம். நாக்கில் இனிக்காதாம். சின்னச் சின்னச் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கிருமியைச் சுற்றி வழவழவென்று மூடியிருக்குமாம். நம் ரத்தத்தில் கிருமியைப் பிடித்துத் தின்கிற அணுக்கள் உண்டு, ஆனால் இந்த வழவழப்பில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. சட்டையில்லாத கிருமியை அவை சும்மா விழுங்கிவிடும், அது யாருக்கும் நோய் தராது. சீரம் போய் அந்தச் சட்டையில் ஒட்டிக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். கெளுத்தி மீனை ஆயும்போது கையில் சாம்பல் எடுத்துக்கொள்கிற மாதிரியா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியேதான் என்றார். அதற்கப்புறம் ஊரெல்லாம் அந்தக் கெளுத்தி மீனைத் தன்னுடையதைப் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கிருமிக்கும் ஒரே சட்டை இல்லை. ஒன்றாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று போகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். சர்க்கரை கோத்த விதம் வேறு, அவ்வளவுதான். ஒன்றாம் வகைக்குச் செய்த சீரம் இரண்டாம் வகையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் பெட்டியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும்தான் மருந்து இருந்தது. மூன்றாம் வகைக்கு உருப்படியான சீரம் எங்குமே கிடையாது. குதிரைச் சீரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆளையே கொன்றுவிடும் என்பதால், வகை தெரியாமல் ஒரு சொட்டும் போடக்கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வகையைக் கண்டுபிடிக்கத்தான் எலி. நோயாளியின் சளியை எலிக்கு ஊசி போட்டால் ராத்திரியில் கிருமி அதன் வயிற்றுக்குள் பெருகிவிடும். காலையில் அந்த நீரை எடுத்து, வகைக்கொரு சீரத்தோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்; குணமாக்க உதவாவிட்டாலும், சோதனைக்கு மட்டும் ஆகிற சீரம் மூன்றாம் வகைக்கும் ஒரு சின்னப் புட்டியில் வந்திருந்தது. எந்தச் சீரத்தில் சட்டை உப்புகிறதோ அதுதான் வகை. எனக்கும் ஒருமுறை காட்டினார். சர்பத்தில் போட ஊறவைத்த செலாசே விதை, அதுதான் சப்ஜா விதை, எப்படி இருக்கும்? நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அப்படியே இருந்தது. வாய் திறந்து ஆச்சரியப்பட்டால் அவர் தலை இன்னும் கனத்துவிடுமே என்று, “சரி, பாத்துட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கையில்தான் என் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா, அம்மா இருவரையும் மலேரியா கொண்டுபோன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவள் பால் வெட்டித்தான் நான் தோட்டப் பள்ளிக்கூடம் போனேன். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான். அத்தான் கோத்தா திங்கிப் பக்கம் காடு வெட்டும் வேலைக்குப் போயிருந்தார். அங்கே வெள்ளம் ஏறி ரோடு அடைபட்டுவிட்டது, சொல்லியனுப்ப வழியில்லை. அக்காவின் சின்னப் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கூட வந்தது மாமியார்தான். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தைக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. குழம்பில் உப்பு, குழந்தைக்குத் தலை வாரியது, தண்ணீர் பிடித்த நேரம், எல்லாவற்றிலும் குற்றம். அக்கா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். என் அக்காவின் உயிரை எடுக்கவே பிறந்தவர் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. சின்ன டிரெஸ்ஸர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வலப்பக்கம் முழுக்கப் பிடித்திருக்கிறது என்றார். என்னிடம் எனாமல் குவளை ஒன்றைக் கொடுத்து, இருமும்போது நெஞ்சுச் சளியைப் பிடித்துத் தரச் சொன்னார். அதற்குள் வார்டின் மறுகோடியில் ஒரு பிரசவம். நான் குவளையை அத்தையிடம் கொடுத்துச் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வருவதற்குள் அத்தையே குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டிருந்தார். சளியில் சிவப்பு ஓடியிருந்தது, நிமோனியாச் சளியேதான் என்று சின்ன டிரெஸ்ஸர் அன்று சாயங்காலமே எலிக்கு ஊசி போட்டார்.

விடிந்தபோது எலி செத்துக் கிடந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் எலியின் வயிற்று நீரை ஒவ்வொரு சீரத்தோடும் கலந்து கலந்து பார்த்தார். பார்த்த கண்ணாடித் துண்டையே எடுத்துத் திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

“என்ன வகை?” என்று கேட்டேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “மூணு.”

காலை ரவுண்டுக்கு வந்த துரையும் பார்த்தார். மூன்றாம் வகை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை, பிராந்தியும் கற்பூர ஊசியும் போடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சின்ன டிரெஸ்ஸர் தமிழில் சொல்லத் தொடங்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி நிறைய மருந்து பத்தடி தூரத்தில் ஐஸில் இருக்கிறது, என் அக்காவுக்கு அதில் ஒரு சொட்டுக்கும் வழியில்லை. வார்டில் நின்று அழக்கூடாது என்பது எங்களுக்கு விதி. கொல்லைப்பக்கம் போனேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால் வாழைமரங்கள் இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே அத்தை குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இலையில் எதையோ மடித்து வைத்திருந்தார். அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் போட்டு, குழிக்குள் வைத்து மூடினார்.

“என்ன அத்தை பண்ணுறீங்க இங்க?”

அவர் திடுக்கிட்டு எழுந்தார். “சத்தம் போடாத புள்ள. ஒண்ணுமில்ல.”

“என்னத்தப் பொதைச்சீங்க?”

“அவ எச்சிலு. வேற என்ன. நேத்துப் பொதைச்ச மாதிரித்தான் இதுவும்.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப நேத்து டிரெஸ்ஸர்கிட்ட குடுத்தது யாரோடது?”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்னோடது.”

எச்சிலை வைத்துச் செய்வினை செய்யலாம், வெட்டின நகத்தை வைத்துச் செய்யலாம், உதிர்ந்த முடியை வைத்துச் செய்யலாம் என்று தோட்டத்தில் எல்லாரும் நம்பிய காலம். தலை வாரினால் முடியைச் சுருட்டித் துப்பி நெருப்பில் போடுவார்கள். நோயில் கிடப்பவளின் எச்சில் என்றால் கேட்கவே வேண்டாம். அத்தைக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தாள். எவனோ முடியை எடுத்து மந்திரித்துத்தான் அவளைச் சாகடித்தான் என்று ஒரு பொமோ, மலாய் மந்திரவாதி, சொல்லி, அதை அத்தை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் குவளையைக் கொடுத்து, உன் மருமகளின் சளியை ஒரு அந்நிய ஆம்பளையிடம் கொடு, அவன் அதை எலிக்கு ஏற்றுவான் என்றால் என்ன செய்வார்? மருமகளின் சளியைப் புதைத்துவிட்டு, வெற்றிலைச் சிவப்போடு தன் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியையும் ஏமாற்றக்கூடாது பாருங்கள்.

“எவனாச்சும் எதயாச்சும் பண்ணுனா எனக்கு வரட்டும்,” என்றார். “நான் இருந்து என்ன ஆகப்போகுது? அவளுக்குச் சின்னப் புள்ள இருக்கு.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் முந்திக்கொண்டது. அவர் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கி எறிந்தேன்.

“உங்க எச்சில வச்சு என் அக்காவுக்கு மருந்து இல்லன்னு சொல்லிட்டாங்க! கேட்டுக்கங்க, அவ பொழைச்சு எந்திரிச்சா உங்க வீட்டுக்கு அனுப்பவே மாட்டேன்!”

ஆண்கள் வார்டு வரைக்கும் கேட்டிருக்கும். கத்தியதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. கத்தியிருக்காவிட்டால் அக்கா போயிருப்பாள்.

சின்ன டிரெஸ்ஸரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாற்காலியிலிருந்து அப்படியே எழுந்து நின்றுவிட்டார். நல்ல ஆரோக்கியமான ஆளின் வாயிலும் அந்தக் கிருமி சும்மா குடியிருக்கும், மூன்றாம் வகை நிறையப் பேரிடம் உண்டு என்றார். அத்தையின் வாயில் இருந்த மூன்றாம் வகைதான் எலிக்குள் பெருகியிருந்தது. அக்காவின் நெஞ்சில் இருப்பது எந்த வகை என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை.

புதைத்ததைத் தோண்டி எடுக்கலாம் என்றால், அது சாம்பலோடும் மழைச் சேற்றோடும் கலந்து ஒன்றுக்கும் உதவாது. புதிதாகச் சளி எடுக்கலாம் என்றால் அக்காவுக்கு அதற்குள் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. இருமக்கூடத் தெம்பில்லை, வந்ததையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். எடுத்தாலும் மறுபடி எலி, மறுபடி ஒரு ராத்திரி. சீரம் நாள் கடந்து போட்டால் பலிக்காது.

அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு சட்டென்று நின்றார்.

“மூத்திரம்,” என்றார்.

“என்னது?”

“அந்தச் சட்டை இருக்குல்ல, சர்க்கரைச் சட்டை. கிருமி நெறையப் பெருகிட்டா அது கரைஞ்சு கரைஞ்சு ரத்தத்துல கலக்கும். கிட்னி வடிகட்டி வெளிய தள்ளிரும். கிருமி வேணாம், அதோட சட்டை மட்டும் போதும் நமக்கு. மூத்திரத்துல அது இருந்துச்சுன்னா சீரத்துமேல ஊத்துன உடனே தெரிஞ்சுரும். எலி வேணாம், ராத்திரி வேணாம்.”

நான் சட்டியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அத்தை கட்டிலுக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். எச்சிலுக்கே அந்தப் பாடு, இதற்கு விடுவாரா? நான் மறுபடி கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் சின்ன டிரெஸ்ஸர் எனக்குப் பின்னால் வந்துவிட்டார். அவரை நான் முதன்முதலாக மதித்தது அந்த நேரத்தில்தான்.

“அம்மா, நீங்களே கையில கொண்டு வாங்க,” என்றார். “நான் தொடவே வேணாம்னா நீங்களே ஊத்துங்க. உங்க கண்ணு முன்னால பாப்பேன். பாத்து முடிஞ்சதும் மிச்சத்த நீங்களே கொட்டி, சாம்பல் போட்டு மூடிருங்க. ஒரு சொட்டு இங்க தங்காது. சரிதானே?”

அத்தை விரித்த கையை இறக்கி, என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் அந்த மூலை அறைக்குள் நின்றோம். சின்ன டிரெஸ்ஸர் அக்காவின் மூத்திரத்தை வடிதாளில் தெளிய வடித்தார். விரல் பருமன்கூட இல்லாத மெல்லிய குழாய்கள் மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகைச் சீரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு, அதன்மேல் கலங்கிவிடாமல் மெதுவாக மூத்திரத்தை வழியவிட்டார். இரண்டும் கலக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றும் தெளிவாகத்தான் இருந்தன.

முதலில் பார்த்தது அத்தைதான். “இதுல என்னமோ வெள்ளையா வருது,” என்றார்.

முதல் குழாயில், சீரமும் மூத்திரமும் தொடுகிற இடத்தில், அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் மெல்லிசாக ஒரு வளையம். பார்க்கப் பார்க்க அது கெட்டிப்பட்டது. மற்ற இரண்டு குழாய்களும் அப்படியே தெளிவாக இருந்தன.

“ஒண்ணு!” என்று கத்திவிட்டு, தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் அவர் மழையில் இறங்கி ஓடினார். துரை அப்போதுதான் மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டோடு திரும்பி வந்து, குழாயை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். எலி சொன்னது என்னாயிற்று என்று கேட்டார் போலிருக்கிறது. சின்ன டிரெஸ்ஸர் என்ன பதில் சொன்னாரோ, துரை அத்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, போடு என்றார்.

முதலில் அக்காவின் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி. தடிப்பு ஏதும் வரவில்லை, குதிரை அவளுக்கு ஒத்துக்கொண்டது. அப்புறம் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் எடுத்தது. கொன்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், அத்தை காலைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் அடங்கிய பிறகு, சாயங்காலம் மறுபடி ஒரு தடவை ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் நான் விரிப்பை மாற்றப் போனேன். விரிப்பு தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், வாழைத்தண்டு மாதிரி ஜில்லென்றிருந்தது. மூக்கு விரியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து, “பாப்பா எங்கடி?” என்றாள். வார்டில் அழக்கூடாது என்ற விதியை நான் அன்றைக்கு மீறினேன்.

அத்தைக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வகை, வாய், எலி என்று காதில் விழுந்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, நேராகச் சின்ன டிரெஸ்ஸரிடம் போய் நின்றார்.

“அந்த எலியக் கொன்னது என் வாயில இருந்த கிருமிதானே?”

அவருக்குப் பொய் சொல்ல வராது. “ஆமாம்மா. ஆனா அது உங்கள ஒண்ணும் செய்யாது. உங்க ஒடம்புக்கு அந்தச் சட்டைய ரொம்ப நாளாத் தெரியும். குதிரைக்கு ஊசி போட்டுச் செய்யுற மருந்து உங்க ரத்தத்துல தானாவே ஊறியிருக்கும். எனக்கும் வாயில இருக்கலாம், இதோ இவங்களுக்கும் இருக்கலாம்.”

“எனக்குச் செய்யாது. எம் பேத்திக்கு?”

அதற்கு அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து மூக்குக்குக் கீழே வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். வெற்றிலையை நிறுத்தினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதையும் நிறுத்தினார். கஞ்சியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, என்னை எடுத்துப்போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். வாய் திறந்தாலே தப்பு என்பது போல ஒரு வார்த்தை பேசவில்லை. வசவு இல்லாத அத்தையை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை.

அக்கா எழுந்து உட்காரத் தொடங்கியதும் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எச்சிலை மாற்றியதைச் சொன்னேன், மருந்தில்லை என்று துரை கையை விரித்ததைச் சொன்னேன். இனிமேல் நீ அங்கே போகவேண்டாம், ஆயாக்கள் குடியிருப்பில் என் அறையில் இரு, பாப்பாவையும் கொண்டுவந்துவிடலாம், அத்தான் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவளுடைய மாற்றுச்சேலையையும் சாமான்களையும் மூட்டை கட்டி என் அறையில் கொண்டுபோய் வைத்தும் விட்டேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். “எனக்கு வரட்டும்னா சொன்னாங்க?”

“ஆமா. ஏன்?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொன்ன அன்று, தோட்டத்து லாரி வந்து வாசலில் நின்றது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அத்தை லாரிக்குப் பின்னால் தள்ளி நின்றார், வாயில் துணி, கையில் காலிக் கஞ்சிச் சட்டி. மருமகள் தன்னோடு வரமாட்டாள் என்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார் என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது. தான் மட்டும் ஏறிப்போகத்தான் காத்திருந்தார்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்கியதும் என் தோளை விட்டாள். கால் பின்னப் பின்ன நடந்து அத்தையின் முன்னால் போய் நின்றாள். அத்தை பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிட்ட வராதே என்று கையை ஆட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இன்னொரு கையால் வாயில் கட்டியிருந்த துணியை இழுத்து அவிழ்த்தாள்.

“எனக்கு வரட்டும்னு சொன்ன வாய்தானே இது?” என்றாள். “அத மூடிக்கிட்டு என் வீட்டுக்குள்ள நீங்க நடமாட வேணாம். எதயாச்சும் சொல்லி ஒரு வார்த்தை திட்டுங்க அத்தை.”

அத்தையின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. திட்டப் பார்த்தார், வரவில்லை. மறுபடி முயற்சி செய்தார்.

“மழையில நின்னு என் உயிர வாங்காத,” என்றார். “ஏறித் தொலை.”

அக்கா சிரித்தாள். காய்ச்சலுக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அறைக்கு ஓடிப்போய், அவளுடைய மூட்டையை நானே தூக்கிவந்து லாரியில் ஏற்றினேன்.